கங்காணியும் மூன்று பூசணி மீன்களும்

எனக்கு இந்த ஜென்மத்தில் சரியாக வராத காரியங்கள் இரண்டு. ஒன்று பொய் சொல்வது. மற்றொன்று படம் எடுப்பது. தனித்தனியாகச் செய்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். நான் இரண்டையும் ஒரே காலையில், ஒரே மீன் தொட்டியின் முன்னால் மண்டியிட்டுச் செய்தேன்.

ஜப்பான்காரன் காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம், அதில் புருஷனோடு சேர்ந்து இருந்தது ஒன்றேகால் வருஷம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்ததும் அவரைத் தூக்கித் தைப்பிங்குக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனில் போட்டுவிட்டார்கள். பினாங்கில், டத்தோ கிராமாட்டில், வாடகைப் பலகை வீட்டில் நான் மட்டும். தாசேக் கெலுகோரில் ரப்பர் தோட்டத்தில் இருந்த என் அப்பா அம்மாவிடம் போயிருக்கலாம். ஆனால் கிளம்பும்போது அவர் சொன்னது இது:

"வீட்ட பூட்டிப் போட்டா எவனாச்சும் வந்து குந்திக்குவான், பாக்கியம். நீ இங்கேயே இரு. மீனையும் பாத்துக்க."

மீன் என்றால் நான்கு தங்க மீன்கள். முன்னறையில் மேசை நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. எங்களிடம் இருந்த விலை உயர்ந்த சாமான் அதுதான் (அடுத்தது என் தாலி). மீன்களுக்கு அவர் தோட்டத்துப் பதவிகளையே பெயராக வைத்திருந்தார். தொப்பை பெருத்தது துரை. வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போவது துரைசாணி. மற்றவற்றை முட்டி முட்டி மூலைக்குத் துரத்துவது, கூலிகளை மேய்க்கும் மேஸ்திரி மாதிரி, கங்காணி. ஒல்லியாக, ஒதுங்கி, கொடுத்ததைத் தின்றுவிட்டு நிற்பது கிராணி. தன் உத்தியோகப் பெயரைத் தானே ஒரு மீனுக்கு வைத்துவிட்டு, "அது நான்தான்" என்று சிரிப்பார்.

அவர் போன பிறகு அந்த வீட்டில் பகல் என்பது முடியவே முடியாத ஒரு சாமான் ஆகிவிட்டது. கடிகாரத்தை வேறு டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார்கள். மணி எட்டு என்னும், வெளியே இன்னும் விடிந்திருக்காது. வெயில் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சாயங்காலத்துக்குக் கிளம்பியிருக்கும். மரவள்ளிக்கிழங்கை அவிப்பேன், தின்பேன், தட்டைக் கழுவுவேன். ஒரு தட்டுதான். கழுவிக் கவிழ்த்த பிறகும் வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். அப்புறம் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து மீன்களோடு பேசுவேன். பக்கத்து வீட்டு மரியம்மா அக்கா ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு பாக்கியம், விருந்தாளியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். (பொய் வராது என்றேன் அல்லவா? அக்கா அரை மணி நேரம் விருந்தாளி வெளியே வருவதற்காகக் காத்திருந்தாள்.)

துரையும் துரைசாணியும் முதலில் போனார்கள். வெள்ளைக்காரர்கள் ஓடிப்போன மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல், அடுத்தடுத்த நாளில். மீன் தீனி கடையில் இல்லை. கிழங்குத் துணுக்கு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் செய்தியை அவருக்கு எழுதத்தான் இருந்தேன். அதற்குள் கிராணியும் செத்து மிதந்தது.

அதை எப்படி எழுதுவது? ரயில்வேக் கிராணியாக இருக்கும் புருஷனுக்கு, "கிராணி செத்துவிட்டது" என்று எந்தப் பெண்ணால் எழுத முடியும்? பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். "நால்வரும் சுகம்" என்று எழுதி அனுப்பினேன். கங்காணி ஒருவன்தான் மிச்சம்.

கடிதங்களைக் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் கார்ட் முத்தையா அண்ணன். ரயிலில் கார்டாக இருந்ததால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிறை ஸ்டேஷனுக்கு வந்து, பெர்ரி ஏறி, பினாங்குக்கு வருவார். அவர் கொண்டுவரும் கடிதம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

'பாக்கியத்துக்கு. நலம். துரை சாப்பிடுகிறாரா? துரைசாணிக்கு வால் புண் ஆறியதா? தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதே. கங்காணி மற்றவர்களை முட்டுகிறானா? கிராணியைத் தனியாகக் கவனி. நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.'

கடைசி வரியில், மீன்களுக்கெல்லாம் பின்னால், நான். இந்தப் பத்து வரியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்ட வேண்டும். எத்தனை முறை படித்தாலும் அது பத்து வரியாகவே இருக்கும்.

ஒன்று கவனித்தேன். மீனைப் பற்றி நான் இரண்டு வரி கூட எழுதினால், அவருடைய பதிலும் இரண்டு வரி கூடும். அந்தப் பேராசையில்தான் ஒருநாள் எழுதினேன்: 'துரைசாணி பதினோரு குஞ்சு பொரித்திருக்கிறாள்.'

பதில் நான்கு பக்கம் வந்தது. நான்கு பக்கம்! நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தால்கூட அவர் எனக்கு நான்கு பக்கம் எழுதியதில்லை. குஞ்சுகளுக்கு என்ன கொடுக்க வேண்டும், பெரிய மீன் தின்றுவிடாமல் எப்படித் தடுக்க வேண்டும், பதினோரு பெயர்கள், எல்லாம் இருந்தன. வாசல்படியில் உட்கார்ந்து மடியில் வைத்து மறுபடி மறுபடி படித்தேன். செத்துப்போன ஒருத்தியின் இல்லாத பிள்ளைகளுக்கு வந்த கடிதம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது அடுத்த கடிதத்தில். அவருடைய ஸ்டேஷனுக்கு ஒரு ஜப்பானிய ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். ஊரில் தங்க மீன் வளர்த்தவராம். என் வீட்டுக்காரர் பெருமை தாங்காமல் பதினோரு குஞ்சுக் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறார். 'நாலு பெரிய மீனும் குஞ்சுகளும் தெரிகிற மாதிரி ஒரு படம் காட்டு. காட்டினால் இரண்டு நாள் லீவு தருகிறேன். வீட்டுக்குப் போய் ஒரு ஜோடி குஞ்சு கொண்டுவா' என்றாராம். 'கேமராவில் கடைசியாக ஒரு படத்துக்குப் பிலிம் இருக்கிறது. எடுத்து, சுருளைக் கழுவாமல் முத்தையா அண்ணனிடம் கொடு. ஸ்டேஷன் மாஸ்டரே கழுவிக்கொள்வார்.'

இரண்டு நாள் லீவு. அவரைப் பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

"என்ன தங்கச்சி, மொகம் வெளுத்துப்போச்சி?" என்றார் முத்தையா அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. வெயிலு."

"நாளன்னிக்கி காலையில திரும்பிப் போறேன். பிலிம ரெடியா வச்சிரு லா. இவன் தினமும் உன் மீனைப் பத்தித்தான் பேசுறான், காது வலிக்குது."

கேமரா அரிசி டின்னில் இருந்தது. (அரிசி இல்லாத டின்னில் வேறு எதை வைப்பது?) அதோடு ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம். எனக்கு ஆங்கிலம் ஆறாம் வகுப்பு வரைதான். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில்தான் அந்த அற்புதமான விஷயம் கிடைத்தது. கேமராவின் கண்ணில் ஒரு ஓட்டை உண்டு. அதைப் பெரிதாகத் திறந்தால், நாம் தூரம் குறித்து வைத்த இடத்தில் இருப்பது மட்டும் கூர்மையாக விழும். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் மங்கிப்போகும்.

மங்கிப்போகும்! அந்த வார்த்தையைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். முன்னால் உயிரோடு கங்காணி கூர்மையாக இருக்கட்டும். பின்னால் மீன் மாதிரி எதையாவது வைத்தால் மங்கலாகத்தானே தெரியும்? மங்கலாகத் தெரியும் மீனை யார் பொய் என்று சொல்ல முடியும்?

மரியம்மா அக்காவின் வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து அவள் அந்த வாரம்தான் எனக்கு ஒரு மஞ்சள் பூசணி கொடுத்திருந்தாள். அதைப் பாதியாக வெட்டினேன். ஒரு பாதியைச் சமையலறைத் தட்டில் வைத்துவிட்டு, மறுபாதியில் மூன்று மீன் செதுக்கினேன். தொப்பையோடு ஒன்று, விசிறி வாலோடு ஒன்று, ஒல்லியாக ஒன்று. கிராணியைச் செதுக்கும்போது மட்டும் தெய்வத்தை வேண்டிக்கொண்டேன். பதினோரு குஞ்சுக்குப் பூசணி விதை. தண்ணீரில் போட்டதும் எல்லாம் மேலே மிதந்தன. ஒவ்வொன்றையும் தையல் நூலில் கோத்து, நூலின் மறுமுனையில் கூழாங்கல் கட்டி, தொட்டியின் பின்பக்கம் இறக்கினேன். தண்ணீருக்குள் பட்டம் விட்ட மாதிரி நின்றன. அதுவரை வாழ்க்கையில் இவ்வளவு புத்திசாலித்தனமாக நான் எதையும் செய்ததில்லை என்று நினைத்தேன்.

தொட்டியின் பின்கண்ணாடி வழியாகச் சமையலறை தெரிந்தது. கொடியில் என் உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கலாமா என்று யோசித்து, எதற்கு, அதுவும் மங்கிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

கேமராவை ஸ்டூலில் வைத்து, மீன்வரை தூரத்தை நாடாவால் அளந்து திருகினேன். அடுத்தது ஓட்டை. வளையத்தில் எட்டு, பதினொன்று, பதினாறு என்று எண்கள் ஏறிக்கொண்டே போய் முப்பத்திரண்டில் நின்றன. பெரிய ஓட்டை வேண்டும். எது பெரிய எண்? முப்பத்திரண்டு. திருப்பிவிட்டேன்.

இங்கேதான் என் அழிவு. அந்த எண் பெரிதாகப் பெரிதாக ஓட்டை சிறிதாகும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும், நான் படித்த பக்கத்தில் இல்லை. முப்பத்திரண்டுக்கு வீட்டுக்குள் ஆறு விநாடி திறந்து வைக்கச் சொல்லிக் கடைசிப் பக்கத்துப் பட்டியல் சொன்னது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெரிய வாசலைத் திறந்தால் வெளிச்சம் ஓடிவந்துவிடாதா, எதற்கு ஆறு விநாடி காத்திருக்க வேண்டும்? அந்த அளவு அறிவு இருந்தவள் பூசணியில் மீன் செதுக்கியிருக்க மாட்டாள்.

ஆறு விநாடி அசையாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. கங்காணி ஒரு துணுக்குக் கிழங்கு தின்றானானால் முன்மூலையில் அப்படியே உறைந்து நிற்பான், வேலைக்காட்டில் மரத்தடியில் கண்ணயர்கிற கங்காணி மாதிரியே. தின்னக் கொடுத்தேன். நின்றான். பொத்தானை அழுத்தித் திறந்தேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கையைக் கூப்பி, முருகா முருகா என்று ஆறு முருகா எண்ணினேன்.

இரண்டாவது முருகாவில் கங்காணி திரும்பினான். மூன்றாவதில் துரைசாணியைப் பார்த்தான். நான்காவதிலிருந்து அவள் வாலைத் தின்னத் தொடங்கினான்.

அழுத்தி மூடினேன். பிலிம் முடிந்துவிட்டது. பரவாயில்லை, மீன்கள் சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். மறுநாள் சுருளை முத்தையா அண்ணனிடம் கொடுத்தேன்.

"தங்கச்சி, கும்பலா நல்லா வந்திருக்குமா?"

"மீனுங்கதான், அண்ணே. கொஞ்சம் மங்கலா இருக்கும்."

அவர் போய் இரண்டு வாரம். மூன்று வாரம். நான்காவது வாரமும் கடிதம் வரவில்லை. மிச்சப் பாதிப் பூசணியை உப்புப் போட்டு அவித்து நாலைந்து நாள் தின்றேன். துரையையும் கிராணியையும் கங்காணி தின்றான். அதற்கப்புறம் அவனிடம் பேசவும் எனக்கு விஷயம் இல்லை. படம் நன்றாக இல்லையா, பொய் தெரிந்துவிட்டதா, அவரை என்ன செய்தார்களோ என்று ஒவ்வொரு பகலும் வாசலைப் பார்த்தபடி இருப்பேன். அந்தக் காலத்தில் ஆள் காணாமல் போவது பெரிய காரியம் இல்லை. என் நான்கு பக்க ஆசைக்காக அவரைப் பணயம் வைத்துவிட்டேன் என்று நினைக்கும்போது கிழங்கை அப்படியே மூடி வைத்துவிடுவேன்.

ஐந்தாவது வாரம், உச்சி வெயிலில், வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர். இளைத்துக் கறுத்து, கையில் ஒரு துணிப்பையோடு. நான் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். என்னிடம் கிழியாத சேலை இரண்டே இரண்டு, அதனால் வீட்டுக்குள் அவருடைய பழைய சட்டையும் காக்கி அரைக்கால் சட்டையும்தான் போட்டிருப்பேன். அதே கோலத்தில் எழுந்து நின்றேன்.

எட்டு மாசத்துக்குமேல் பார்க்காத மனைவியிடம் அவர் கேட்ட முதல் வார்த்தை:

"பாக்கியம், பூசணிக்கா எங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தின்னுட்டேங்க" என்றேன்.

அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "முழுசுமா?"

"கங்காணியும் கொஞ்சம் தின்னான்."

பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தார். பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

எல்லாமே கூர்மையாக இருந்தது. மங்கவே இல்லை. துரையின் தொப்பையில் கத்தி போன கோடு, ஒவ்வொரு விதையின் கீழும் நூல், நூலின் முடிச்சு, கூழாங்கல். அதற்குப் பின்னால் சமையலறை, கொடி, என் உள்பாவாடையின் ஒட்டுத்துணி, தட்டில் பாதிப் பூசணி. முன்கண்ணாடியில் என் பிம்பம் வேறு. அரைக்கால் சட்டையோடு, மண்டியிட்டு, பூசணிக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறேன். வாய் 'மு' என்று குவிந்திருக்கிறது. மங்கலாக வந்தது ஒரே ஒரு பிராணி. உயிரோடு இருந்த கங்காணி ஆறு விநாடியும் ஆடியதால் ஈரத்துணியால் துடைத்த கறை மாதிரி இருந்தான்.

"யாரு யாரு பாத்தாங்க?" என்றேன்.

"விளக்கு ரூம்புல கழுவி, கொடியில போட்டாரு. பாயிண்ட்ஸ்மேன், சிக்னல்காரன், முத்தையா அண்ணே, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாரு. பூதக்கண்ணாடி வச்சி நூல எண்ணுனாரு. பதினாலு நூலு."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு ஒரு அறை." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பொய் சொன்னதுக்கு. அறைஞ்சிட்டு மறுபடி பூதக்கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தாரு. திடீர்னு, 'கபோச்சா' அப்படின்னாரு. பூசணிக்காய அவங்க ஊருல அப்படித்தான் சொல்லுவாங்களாம். அத சாப்பிட்டு மூணு வருஷமாச்சாம். வீட்ட விட்டு வந்து மூணு வருஷம். அப்புறம், 'மீனு வேணாம், இந்தக் காய கொண்டா, ரெண்டு நாள் லீவு' ன்னுட்டாரு. பாஸ் கெடைக்கத்தான் இத்தனை நாளாச்சி."

அந்த இரண்டு நாளில் அரை நாளைப் பூசணி தேடுவதில் கழித்தோம். பாசாரில் இல்லை. கடைசியில் மரியம்மா அக்காவின் கொடியிலேயே ஒரு பிஞ்சு, தேங்காய் அளவு, பச்சையாக இருந்தது. "விருந்தாளி வந்துட்டாருல்ல, எடுத்துக்க" என்றாள் அக்கா, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு.

மீதி நேரத்தில் ஒரு பகுதி எனக்குப் பாடம். அவர் தன் உள்ளங்கையைச் சுருட்டிக் குழல் மாதிரி செய்து என் கண்ணில் வைத்தார். "இப்ப பாரு. ஓட்டையை இறுக்கினா வெளிச்சம் கொறையும். ஆனா கிட்டக்க இருக்குறது, தள்ளி இருக்குறது, எல்லாம் தெளிவா விழும். தொறந்தா ஒரே ஒரு எடம் மட்டுந்தான். முப்பத்திரண்டுன்னா ஊசி ஓட்டை, பாக்கியம்." அந்த ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது. கன்னத்தில் எலும்பு தூக்கியிருந்தது. எனக்குப் பாடத்தில் மனம் போகவில்லை.

"கெராணி செத்துப்போச்சிங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எழுதப் பயமா இருந்துச்சி."

"நூலு கட்டுன மீனப் பாத்தப்பவே தெரிஞ்சிக்கிட்டேன்."

"மீனு செத்ததுகூட தெரிஞ்சிருக்கு. நான் எப்பிடி இருக்கேன்னு ஒரு நாளாச்சும் கேட்டு எழுதுனீங்களா?"

அவர் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த லெட்டர ஸ்டேஷன்ல நாலு பேரு பிரிச்சிப் படிச்சிட்டுத்தான் முத்தையா அண்ணங்கிட்ட குடுக்குறானுங்க. மீனப் பத்தின்னா வெக்கமில்லாம எழுதலாம்" என்றார்.

"அப்ப மீனுன்னு எழுதுனதெல்லாம் என்னையா?"

"இல்ல லா, மீனத்தான்." (உண்மை பேசும் மனிதர். இந்த இடத்தில் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.) பிறகு படத்தை எடுத்து, கண்ணாடியில் தெரிந்த என் உருவத்தின் மேல் விரலை வைத்தார். "நீ இவ்ளோ எளைச்சிருப்பேன்னு நெனைக்கல. அத ஸ்டேஷன்ல எல்லாரும் சிரிக்கிறப்ப பாத்தேன்."

மறுநாள் பிஞ்சுப் பூசணியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பெர்ரி ஏறினார். பூசணி முற்றவில்லை என்று அதற்கும் ஒரு அறை விழுந்ததாம், ஆனாலும் ஸ்டேஷன் மாஸ்டர் அவித்துத் தின்றாராம். அடுத்த கடிதத்தில் அதை எழுதியிருந்தார். அந்தக் கடிதமும் பத்து வரிதான். யுத்தம் முடிந்து அவர் பெட்டியோடு திரும்பி வரும்வரை நான் அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். கங்காணியும் அதற்குள் போய்விட்டான்.

படத்தை அவர் மணிபர்சிலேயே வைத்திருந்தார். பிள்ளைகள் பெரியவர்களானதும் அதைக் கண்டுபிடித்தார்கள். அன்றோடு என் மானம் போயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, யார் கேமராவைத் தூக்கினாலும் ஒருவன் கத்துவான்: "உசுரோட இருக்கறவங்க ஆடாதீங்க லா! பூசணிக்காயெல்லாம் எப்பிடியும் நல்லா வந்துரும்!" புதிதாக வந்த மருமகள்களுக்கு அர்த்தம் புரியாது. முதல் தீபாவளிக்குள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், தீபாவளிக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். போன தீபாவளிக்கு என்னையும் சேர்த்துப் பதினேழு பேர். கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. என்னை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்து, கேமராவைத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்து நின்ற என் கடைசி மகன் வழக்கம்போலக் கத்தினான். நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டேன். பதினாறு பேர் பளிச்சென்று விழுந்திருக்கிறார்கள். நடுவில் நான் மட்டும் வெள்ளையாக ஒரு கறை.

படத்தைச் சட்டம் போட்டுத் தபாலில் அனுப்பியிருந்தான். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது: 'அம்மா உசுரோட இருக்காங்க.'